கழன்றுகொண்டே இருந்த ட்யூப்

என் அண்ணனுக்கு எல்லோரும் வைத்த பெயர் சீட்டு. புதிதாக வருகிறவர்கள் சூதாடுகிற ஆள் போலிருக்கிறது என்று ஒரு அடி தள்ளியே நிற்பார்கள். அந்த மனுஷனுக்கும் சீட்டாட்டத்துக்கும் ரொம்பத் தூரம். ஒரு காரை ரிப்பேர் செய்து முடித்துக் கொடுக்கும்போது உள்ளங்கை அளவுக்கு ஒரு அட்டையை எடுத்து, பென்சிலால் மூன்று வரி எழுதி, டாஷ்போர்டு அறைக்குள் வைத்து மூடுவார். கோளாறு இன்னது, காரணம் இன்னது, செய்தது இன்னது. கீழே தேதி. அதைத்தான் எல்லோரும் சீட்டு என்றார்கள், பிறகு அவரையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் அவருடைய தங்கை. அவர் வேலை செய்கிற ஷெட்டிலேயே மறுபக்கம் தையல் மிஷின் போட்டுக் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறேன். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, இன்னும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். மூக்கின் மேல் கோபம் எனக்கு, ஒப்புக்கொள்கிறேன். வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு ஒரு தடவை மூடாமல் போனது. சரி செய்துவிட்டு அதற்கும் ஒரு சீட்டு எழுதி ஒட்டினார்: "காரணம்: பாப்பா உதைத்தது." அண்ணி அதை ஒரு வருஷம் கிழிக்கவே விடவில்லை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிச் சிரித்தாள்.

ஏன் இந்தச் சீட்டுப் பைத்தியம் என்று கேட்பவர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். ஒரு காரின் ஏசி ஒயரை ஃப்யூஸ் வழியாகக் கொடுக்காமல், சோதித்துப் பார்ப்பதற்காக நேராக இணைத்திருந்தார். மறுநாள் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை, எங்கேயும் எழுதி வைக்கவுமில்லை. அங்கே இருந்தவர்கள் வேலை முடிந்தது என்று நினைத்து வண்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நெடுஞ்சாலையில் போகும்போது டாஷ்போர்டு பற்றி எரிந்தது. ஓட்டி வந்தவர் பிழைத்தார், ஆனால் இரண்டு கையும் வெந்துபோனது. அண்ணனுக்கு வேலை போனது. அந்த ஆளை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்றிலிருந்து சீட்டு எழுதுகிறார். காரணம் பிடிபடாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுதுவார். அப்படி எழுதவும் ஒரு துணிச்சல் வேண்டும். பொய் மட்டும் எழுதியதில்லை, முப்பத்தாறு வருஷமாக.

பழைய கார்களின் ஏசி கன்ட்ரோல்தான் அவருடைய வேலை. புதுக் கார் என்றால் அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவார். பழைய காரில் டாஷ்போர்டில் வரிசையாக ஐந்து பொத்தான் இருக்கும். பொத்தானை அமுக்கினால், இன்ஜின் உறிஞ்சுகிற காற்று மெல்லிய ட்யூப்கள் வழியாகப் போய், உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கதவுகளை இழுக்கும். எந்தக் கதவு திறக்கிறதோ அந்த வழியாகக் குளிரோ சூடோ வரும். ட்யூப் எங்கேயாவது கழன்றால் குளிர் வருகிற கதவு தானாக மூடிக்கொள்ளும். இன்ஜின் சூடு அப்படியே காலில் அடிக்கும். அண்ணன் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை டாஷ்போர்டுக்குக் கீழே விட்டு, எங்கே 'உஸ்' என்று சத்தம் வருகிறது என்று தேடுவார். அந்த நேரத்தில் நான் மிஷினை ஓட்டினால் முறைப்பார். நானும் திருப்பி முறைப்பேன், ஆனால் நிறுத்திவிடுவேன்.

அந்தக் கார் வந்தது ஒரு கடும் வெயில் நாளில். அடர்பச்சை நிறம், முப்பத்தைந்து வயது, ஒரு கீறல் கிடையாது. ஓட்டி வந்தவர் பாலம் கட்டுகிற இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் பாலத்துக்காரர் என்றோம். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் கடிகாரம், எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்கிற பழக்கம். பக்கத்து சீட்டில் அவர் மனைவி. தலையில் துணி கட்டியிருந்தாள், புருவம் இல்லை. பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது, கேட்கவில்லை.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அவளுக்கு ஊசி மருந்து ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரத் தூரம். உடம்பு சூடாகக் கூடாது, சூடானால் அன்றைக்கு மருந்து ஏற்ற மாட்டார்கள், அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிடுவார்கள். வேறு வண்டியில் போகலாமே என்றால், மற்ற வண்டிகளில் ஏறினால் அவளுக்குக் குமட்டுகிறதாம். முப்பத்தைந்து வருஷமாக உட்கார்ந்து பழகிய இந்த ஒரு வண்டிதான் ஒத்துக்கொள்கிறதாம். பாலத்துக்காரர் இதையெல்லாம் கணக்குப் பாடம் மாதிரி வரிசையாகச் சொன்னார். ஏசி பொத்தானை அமுக்கினால் சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் செய்யவில்லை, அதற்குக் காரணம் தெரிந்தாக வேண்டும் என்றார். காரணம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அண்ணன் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும்! தன் ஜாதி ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று நினைத்திருப்பார்.

முதல் தடவை கோளாறு உண்மையான கோளாறுதான். பொத்தான்களுக்குப் பின்னால் இருக்கும் சர்க்யூட் பலகையில் ஈயப்பற்றுகள் தலைமுடி அளவுக்கு விரிசல் விட்டிருந்தன. அண்ணன் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு இருபத்திரண்டு இடங்களில் மறுபடி பற்றவைத்தார். அந்த ஒரு நாள் முழுக்க பாலத்துக்காரர் மனைவி, அந்த அக்கா, என் மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் தைப்பதைப் பார்த்தாள், நூலை எடுத்துக் கொடுத்தாள், என் வாய்த்துடுக்கைக் கேட்டுச் சிரித்தாள். பெண்கள் வருகிற இடமில்லை அது. எனக்கு ஒரு பேச்சுத்துணை கிடைத்தது. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. பாலத்துக்காரர் சீட்டை வாங்கி மூன்று தடவை படித்துவிட்டு, ஒரு ஃபைலில் கோத்து வைத்துக்கொண்டார். அண்ணனுக்கு அன்று தலைகால் புரியவில்லை.

அடுத்த ஊசிக்குப் போய் வந்தார்கள். அதற்கு அடுத்த தடவை பாதி வழியில் சூடு அடிக்க ஆரம்பித்து, திரும்பி வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். அண்ணன் குழாயைக் காதில் வைத்தார், ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்தார். முன்சீட்டுக்காரர் கால் வைக்கிற இடத்தில், பக்கவாட்டுத் தடுப்புக்குப் பின்னால் ஒரு ட்யூப் கழன்று தொங்கியது. முனையில் இருந்த ரப்பர் பழசு, இறுகிப்போயிருக்கும் என்று புது ரப்பர் போட்டார். அப்படியே சீட்டும் எழுதினார்.

அதற்குப் பிறகு ஒரு ஊசி நல்லபடியாகப் போனது. மறுதடவை மறுபடியும் அதே சூடு, அதே ட்யூப். அண்ணன் பேயறைந்த மாதிரி நின்றார். ஒரே கோளாறு இரண்டாவது தடவை திரும்பி வந்ததே இல்லை அவரிடம். வண்டி குலுங்குவதால் இருக்கும் என்று மெழுகு நூலால் இறுக்கிக் கட்டினார். பாலத்துக்காரர் கோபத்தில் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "தேதி தப்பினா மருந்து வேலை செய்யாதுங்க. இது கார் விஷயம் இல்ல, அவ உயிர் விஷயம்" என்று மட்டும் சொன்னார். அண்ணன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பக்கத்து ஷெட் பெயின்டர் வந்து, சீட்டுக்கு வயசாயிடுச்சு போல என்று கிண்டல் செய்தான். நான் அவனைப் பிடித்த பிடியில் பிறகு ஒரு வாரம் அவன் எங்கள் பக்கம் வரவில்லை.

மூன்றாவது தடவை அந்த ட்யூப் கழன்றபோது நூல் அறுந்திருந்தது. அண்ணன் அந்த நூலை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். தேய்ந்து அறுந்த நூல் பஞ்சு பஞ்சாக இருக்கும், இது அப்படி இல்லை. ஏதோ கடித்திருக்கிறது என்றார். என்ன கடித்திருக்கும் என்று கேட்டேன். எலி என்றார். இந்த ஊரிலேயே கெட்டிக்கார மெக்கானிக், எலியாம்! அப்போதும் அவருக்கு ஒரு மனுஷன் கழற்றியிருக்கலாம் என்று தோன்றவில்லை. ஒரு பொருள் கெட்டால் பொருளுக்குள்ளேதான் காரணம் இருக்கும் என்று நினைத்துப் பழகிய புத்தி. கடைக்குப் போய் ஒரு எலிப்பொறி வாங்கிவந்து, ரொட்டித் துண்டு மாட்டி, முன்சீட்டுக்கு அடியில் வைத்தார். இரண்டு நாள் வண்டி ஷெட்டிலேயே நின்றது. காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பொறியைக் குனிந்து பார்ப்பார். நான் மிஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பேன்.

மூன்றாம் நாள் காலை புருஷனும் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் வந்து இறங்கினார்கள். அவளுக்குக் குமட்டவில்லை, நான் கவனித்தேன். பாலத்துக்காரர் ஆஸ்பத்திரிக்குப் பேசிப் புதுத் தேதி வாங்க வேண்டும் என்று, ஷெட்டுச் சத்தம் கேட்காத தூரத்துக்குப் ஃபோனை எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் முன்கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியிலிருந்து பொறியை வெளியே எடுத்தார். அது காலியாக இருந்தது. ரொட்டி காய்ந்து கல்லாகியிருந்தது.

அந்த அக்கா அது என்ன என்று என்னிடம் கேட்டாள். எலி ட்யூபைக் கடிக்கிறதாம், அதைப் பிடிக்கத்தான் என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன். பிறகு பார்க்கிறேன், அவளுடையது சிரிப்பாக இல்லை.

"பாவம், ரொட்டியெல்லாம் வெச்சிருக்காரே. நான்தான்மா அந்த எலி" என்றாள்.

எனக்குக் கை நின்றுபோனது. அண்ணன் பொறியைக் கையில் பிடித்தபடியே அங்கே நின்றிருந்தார், அவருக்கும் கேட்டது. அவள் மறைக்கவில்லை, எங்கள் இரண்டு பேரையும் பார்த்தே சொன்னாள். முதல் இரண்டு தடவை செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரலால் இழுத்திருக்கிறாள். ஒரு நாள் அண்ணன் குனிந்து வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எந்த ட்யூப் என்று தெரிந்துகொண்டாளாம். நூல் கட்டிய பிறகு கால் விரல் போதவில்லை. பாலத்துக்காரர் பெட்ரோல் போட இறங்கிய இடத்தில் கைப்பையிலிருந்த நகவெட்டியால் கத்தரித்திருக்கிறாள்.

"ஏன்க்கா?" என்றேன்.

"இது குணமாகாதுன்னு டாக்டர் என்கிட்ட தனியா சொல்லிட்டார். ஊசி போட்டா ஒரு வருஷம் வரைக்கும் தள்ளிப் போடலாம். ஊசி போட்ட பத்து நாள் வாயில தண்ணி கூட தங்காதும்மா. பதினோராம் நாள்தான் எழுந்து உக்காருவேன். இருபத்தோராம் நாள் திரும்பவும் ஊசி. வண்டி கெட்டுப்போனா ஒரு வாரம் கூடக் கிடைக்குது. அந்த ஒரு வாரம் செடிக்கு நானே தண்ணி ஊத்தறேன். எங்க அக்கா வீடு வரைக்கும் நடந்தே போயிட்டு வரேன்." தலைத்துணியைச் சரி செய்துகொண்டு, "எனக்குப் போதும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம் அது. அண்ணனைத் தள்ளிக்கொண்டு கார் பின்பக்கம் போனேன். எலி என்றே சீட்டில் எழுதித் தொலை, எந்த எலி வந்து நான் இல்லை என்று சொல்லப்போகிறது, அந்த அக்காவுக்கு இன்னும் இரண்டு வாரமாவது கிடைக்கட்டும் என்றேன். முப்பத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு பொய் எழுதினால் குடி முழுகிவிடாது என்றும் சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எலின்னு எழுதினா அவர் டாஷ்போர்டையே கழட்டி எலியத் தேடச் சொல்வார், பாப்பா. இல்லன்னா வேற மெக்கானிக்கிட்ட போவார். அவன் ட்யூபே இல்லாத புது கன்ட்ரோல் போட்டுக் குடுப்பான். அப்புறம் அந்தம்மா எதக் கழட்டுவாங்க?"

அப்படியானால் போய் அந்த அக்கா புருஷனிடம் போட்டுக்கொடு என்று வெடுக்கென்று சொன்னேன். அதையும் செய்ய மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, கார் டிக்கி மேலே வைத்து, முதல் வரியை மட்டும் எழுதினார். "கோளாறு: ட்யூப் கழன்றது, மூன்றாம் முறை." எழுதிய அட்டையையும் பென்சிலையும் கொண்டுபோய் அவளிடம் நீட்டினார்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா, தெரியலன்னு எழுத முடியாது. ஆனா இது நான் சொல்ல வேண்டிய காரணம் இல்ல. நீங்களே எழுதுங்க. வேண்டாம்னா திருப்பிக் குடுத்துடுங்க, வெறும் சீட்டா வெச்சுடறேன்."

அவள் அட்டையை வாங்கி மடியில் வைத்தாள். மருந்தினால் அவளுக்கு விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன, பென்சில் இரண்டு தடவை கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன், அட்டை நகராமல் பிடித்துக்கொண்டேன். அவள் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். "காரணம்: நான். எனக்கு ஊசி போதும்." மூன்றாவது வரியை எழுதவில்லை. அதற்குள் அண்ணன் போய்க் குனிந்து ட்யூபை மாட்டி, இந்தத் தடவை இரும்புக் கவ்வி போட்டு முறுக்கிவிட்டு வந்தார்.

பாலத்துக்காரர் சந்தோஷமாகத் திரும்பி வந்தார். நாளை மறுநாள் காலை வரச் சொல்லிவிட்டார்களாம், இந்தத் தடவை ஒரு வாரம் காத்திருக்க வேண்டாமாம். வந்ததும் வழக்கம்போல் சீட்டுக்குக் கையை நீட்டினார். அவள்தான் கொடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இன்னொரு தடவை படித்தார். மூன்றாம் தடவை படிக்க அவரால் முடியவில்லை.

எத்தனை தடவை என்று கேட்டார். ட்யூப் கழன்ற மூன்று தடவையும் தான்தான், அதற்கு முன்னால் பொத்தான் கெட்டது மட்டும் உண்மையான கோளாறு என்று அவள் சொன்னாள். அவ்வளவு நேரமும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தாள், அவர் அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி இருந்தது அவர் நின்ற நிலை.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்க. வண்டி கெட்டா வண்டி மேலதான கோபப்படுவீங்க."

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். அதுவரை வாங்க போங்க என்று பேசிய மனிதர், "உன்ன யாருய்யா இதெல்லாம் கேக்கச் சொன்னது? ட்யூப மாட்டுறதுதான உன் வேலை?" என்றார். மாட்டிவிட்டேன் சார் என்று அண்ணன் சொன்னார். பாலத்துக்காரர் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வண்டியில் உட்காரவைத்தார். இன்ஜினைப் போட்டதும் ஏசி சத்தமில்லாமல் ஓடியது, கண்ணாடிகள் பனித்தன. தெருமுனையில் வண்டி ரொம்ப நேரம் நின்றது. பிறகு அவர்கள் வீட்டுப் பக்கமாகத் திரும்பியது.

அன்று அண்ணன் ஒரு வேலையும் செய்யவில்லை. மறுநாளும் ஒரே ஸ்க்ரூவைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது, நான் செய்தது சரியா பாப்பா என்று கேட்டார். எனக்கென்ன தெரியும், சாப்பாடு ஆறுகிறது என்று எரிந்து விழுந்தேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் பார்த்தால், ஒரு மனுஷி தன் வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு வழி கிடைத்தது. இன்னொரு பக்கம் பார்த்தால், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒருத்தியின் ஒரு வருஷத்தைப் பிடுங்கிவிட்டோம்.

ஐந்து வாரம் கழித்து வந்தார்கள். ஊசியை நிறுத்திவிட்டார்களாம். அந்த அக்காவுக்குத் தலையில் குருவிக்குஞ்சு மாதிரி முடி முளைத்திருந்தது. முன்சீட்டின் பஞ்சைக் கொஞ்சம் குறைத்து, முதுகு சாய்கிற மாதிரி தைத்துக் கொடுக்கச் சொன்னாள். தினமும் சாயங்காலம் வண்டியில் போகிறார்களாம், கடற்கரை வரை ஒரு நாள் போனார்களாம், அவளே மணலில் நடந்தாளாம். நான் வேலையை விட்டுவிட்டு அவள் சொல்வதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பாலத்துக்காரர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார், அண்ணன் பக்கம் திரும்பக்கூட இல்லை. போகும்போது அவள் அண்ணன் கையைப் பிடித்து, ஏசி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சீட்டு எழுதிய நாளிலிருந்து பதினாலாவது வாரம் அவள் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். அண்ணன் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு போனார். உள்ளே போகத் தைரியம் வரவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டு வந்துவிட்டேன் என்றார். நான் அன்று மிஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அழுகை வந்ததை மறைக்கவும் இல்லை.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் காலை பாலத்துக்காரர் நடந்து வந்தார். காரைக் கொண்டு வரவில்லை. ஷேவ் செய்யாத முகம், சட்டைப் பையில் பேனா இல்லை. கேட்காமலே வந்து, அவள் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தார். அண்ணன் ஒரு காரின் டாஷ்போர்டுக்குள் தலையை விட்டிருந்தவர், எழுந்து வந்து எதிரே நின்றார்.

"அன்னிக்கு நீ பேசாம ட்யூப மாட்டிக் குடுத்திருந்தா, இன்னிக்கு அவ உயிரோட இருந்திருப்பா" என்றார் பாலத்துக்காரர்.

"இருந்திருப்பாங்க சார்" என்றார் அண்ணன்.

ஒரு சமாதானம் சொல்லவில்லை, ஒரு காரணம் சொல்லவில்லை. அப்படியே ஒப்புக்கொண்டுவிட்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. கத்தரிக்கோலை வீசிவிட்டு எழுந்து, அந்த அக்கா எங்களிடம் சொன்னதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே கொட்டினேன். பத்து நாள் படுக்கையையும், தங்காத தண்ணீரையும், நடந்துபோன அக்கா வீட்டையும் சொன்னேன். இதெல்லாம் தெரியாமல் எங்கள் அண்ணனைப் பழி சொல்ல வராதீர்கள் என்றேன். துக்கத்தில் இருக்கும் மனிதரிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் பேசிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"எல்லாம் தெரியும்மா. பதினாலு வாரமும் அவ அதத்தான் என்கிட்ட பேசினா. அவளுக்கு அந்த ஒரு வருஷம் வேண்டாம். எனக்கு நல்லா புரிஞ்சது, சரின்னு சொன்னேன், சிரிச்ச மொகமா சொன்னேன்." கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "ஆனா எனக்கு வேணும். அவ படுத்தே கெடந்தாலும் எனக்கு வேணும். இத அவகிட்ட சொல்ல முடியல. வேற யார்கிட்ட போய் சொல்றதுன்னும் தெரியல. அதான் இங்க வந்தேன்."

அண்ணன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். ஒரு பழைய டயரை இழுத்துப் போட்டு, அவர் முன்னால் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சார்" என்றார்.